ஜோடி சேராத நோயாளிகள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடிய சமநிலைக் குழுவின் நாற்பத்தோராவது கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் அம்மா, மருத்துவ ஒருங்கிணைப்பாளர், தலைநகரிலிருந்து வந்து மாலையே திரும்பவிருந்த நேர்மை ஆலோசகர், அகதி முகாமின் பிரதிநிதி, முகாமை ஒட்டிய ஊரின் பிரதிநிதி, குறிப்பெழுதும் பெண், பார்வையாளராகக் கதவோரத்தில் தையல்காரன். வராதவர்: நோயாளி.

"வராததுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். நோய்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டாள் குறிப்பெழுதும் பெண்.

தலைவர் அம்மா பேனாவை உதட்டில் தட்டி யோசித்தார். "நோய்னு போட்டா நாம ஏதோ செய்யாம விட்டுட்ட மாதிரி இருக்கும். சொந்தக் காரணம்னு போடுங்க."

சொந்தக் காரணம் என்று எழுதப்பட்டது.

தையல்காரன் முகாம் டாக்டர் கொடுத்த கடிதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போன வேலை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருப்பதால், மூன்று வாரமாகத் தண்ணீர் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், ஆக்சிஜன் வைத்த வண்டியில்தான் போக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். குழுவின் வண்டியில், குழுவின் சீட்டோடு வருகிறவர்களைத்தான் பெரிய ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்.

வண்டி இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்து, நிழலில் நின்றது. உள்ளே இரண்டு படுக்கைகள். ஓட்டுநர் தினமும் காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பார். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று அப்படி ஓர் உத்தரவு.

"தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடி இந்த வண்டி மேல எத்தனை கல்லு விழுந்துச்சு தெரியுமா?" என்றார் தலைவர் அம்மா. "பதினேழு. முகாம் ஆளுங்களை மட்டும் ஏத்திட்டுப் போறாங்கன்னு ஊர்க்காரங்களுக்குக் கோவம். அதுல தப்பும் இல்ல. அதுக்கப்புறம்தான் ஜோடி விதி கொண்டுவந்தோம். முகாம்ல ஒருத்தர், ஊர்ல ஒருத்தர். ரெண்டு படுக்கையும் நிரம்பினாத்தான் வண்டி கிளம்பும். பதினாலு மாசமா ஒரு கல்லு விழல."

"பதினாலு மாசமா வண்டியே போகலையேம்மா."

"அதைத்தான் சொல்றேன்."

நேர்மை ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இளம் வயதுக்காரர். அவர் பேசும்போது எல்லோரும் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"இந்தப் பதினாலு மாசத்துல முகாமுக்கு எத்தனை பயணம்? பூஜ்யம். ஊருக்கு எத்தனை? பூஜ்யம். நான் பல முகாம் பார்த்திருக்கேன். இவ்வளவு துல்லியமான சமநிலையை எங்கயும் பார்த்ததில்ல. உங்களையெல்லாம் நினைச்சா பெருமையா இருக்கு."

முகாம் பிரதிநிதியும் ஊர்ப் பிரதிநிதியும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். இதிலும் ஒருவரை ஒருவர் முந்தவில்லை.

தையல்காரன் ஓரடி முன்னால் வந்தான். "காத்திருக்கிறவங்க பட்டியல்ல முகாம் பக்கம் பதினோரு பேர், ஊர்ப் பக்கம் ஒன்பது பேர்னு வெளிய ஒட்டியிருக்கே. ரெண்டு ரெண்டு பேரா ஏத்தி அனுப்பினா என்னங்க?"

மருத்துவ ஒருங்கிணைப்பாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நோய் மதிப்பெண் என்று ஒன்று இருப்பதை விளக்கினார். இருபதுக்குப் போடுவார்கள். ஜோடிக்கு இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் இருக்க வேண்டும். ஒரு மதிப்பெண் முன்னே பின்னே இருந்தாலும் ஒரு தரப்புக்கு அநீதி.

"முறிஞ்ச காலும் சுருங்கின இதயமும் பக்கத்துப் பக்கத்துல படுத்துப் போனா, அந்தக் காலோட மனசு என்ன பாடுபடும்?" என்றார் ஆலோசகர். "போன மாசம் ரெண்டு ஒன்பது கிடைச்சது. கிட்டத்தட்டக் கிளம்பியிருக்கும். முகாம் பக்கத்து ஒன்பது முன்னறிவிப்பு இல்லாம குணமாயிட்டாங்க."

"விளக்கம் கேட்டு எழுதியிருக்கோம்" என்றார் தலைவர் அம்மா.

தையல்காரனின் அக்காவுக்குப் பதினாலு. ஊர்ப் பட்டியலில் பதினாலு இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது குறிப்பெழுதும் பெண் ஒரு துண்டுச் சீட்டை அவன் கையில் திணித்தாள். ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் முகவரி. அதற்குக் கீழே '12, இதயம்' என்று எழுதியிருந்தது.

"போன காரியம் என்னடா ஆச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"உனக்கு ஒரு ஜோடி வேணுமாம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "இதை முப்பது வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும். மாப்பிள்ளை யாரு?"

"பஸ் கண்டக்டராம். ரிட்டயர்ட் ஆனவர். பன்னெண்டு மார்க்."

"என்னை விடக் கம்மியா? படிக்காத பயலா இருப்பான் போல."

அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு அவளுக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சொந்த ஊரை விட்டு ஓடி வந்தபோது தையல் மிஷினின் காலை அவன் தூக்கிக்கொள்ள, தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் லாரியில் வந்தாள். அதை எங்காவது போடு என்று எல்லோரும் சொன்னார்கள். "நான் போனப்புறம் இவன் எதை வெச்சுப் பொழைப்பான்?" என்றாள். அவனுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று.

மறுநாள் முகாம் வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குள் போனான். மாலை நாலு மணிக்குள் திரும்ப வேண்டும். கண்டக்டர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. மூச்சு விடும்போது பொத்தான் ஏறி இறங்கியது.

"யாரது?"

"முகாம்ல இருந்து வரேங்க. தையல்காரன்."

"நான் துணி எதுவும் தைக்கக் குடுக்கலையே."

"அதுக்கு வரலைங்க. ஆஸ்பத்திரி வண்டி விஷயமா."

கண்டக்டரின் முகம் கடுத்தது. "நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு டாக்டர் இருந்தான். போனா நாக்கை நீட்டச் சொல்லி ஒரு ஊசி போடுவான். இப்போ ஒரு ஆபீஸு, ஒரு குழு, ஒரு கூட்டம். எல்லாம் உங்களுக்குத்தானே செய்யறான்?"

"எங்களுக்கும் எதுவும் செய்யறதில்லைங்க."

"உங்களுக்குமா?" கண்டக்டர் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார். "அப்ப யாருக்குத்தான்யா செய்யறான்?"

மருமகள் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவன் விஷயத்தைச் சொன்னான். அக்காவின் பதினாலைச் சொன்னான். பன்னிரண்டு பதினாலானால் திங்கட்கிழமையே வண்டி கிளம்பும் என்றான்.

"ரெண்டு மார்க்குக்கு நான் என்ன செய்ய? இன்னும் கொஞ்சம் சாகவா?"

"மாமா" என்றாள் மருமகள் மெதுவாக. "அந்தக் குளிக்கிற கேள்வி."

"வாயை மூடு."

நோய் மதிப்பெண் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி அது: தானாகக் குளிக்க முடியுமா? முடியாது என்றால் இரண்டு மதிப்பெண். கண்டக்டர் முடியும் என்று சொல்லியிருந்தார். முடியாது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாதமாக மருமகள்தான் அவரை முக்காலியில் உட்காரவைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறாள். மகன் வேலைக்காக வேறு நாட்டில் இருந்தான். அங்கே அவனும் யார் முன்னாலோ படிவத்தோடு நின்றுகொண்டிருக்கலாம்.

"முப்பத்திரண்டு வருஷம் ஓடுற பஸ்ல கம்பியைப் பிடிக்காம நின்னவன் நான்" என்றார் கண்டக்டர். "வளைவுல கூட. எவளோ ஒருத்தி வந்து குளிப்பியான்னு கேப்பா, நான் மாட்டேன்னு சொல்லணுமா?"

தையல்காரன் தன் விரல்களைப் பார்த்தான். "எங்க அக்காவால கையைத் தூக்க முடியல. நான்தான் தலை பின்னி விடறேன். முதல் நாள் கோணலா வந்துச்சு. அக்கம்பக்கத்துல சிரிச்சாங்க. இப்போ தையல் மாதிரி நேரா வருது."

கண்டக்டர் தெருவைப் பார்த்தார். தெருவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"அந்த ஃபாரம்காரியை வரச் சொல்லு" என்றார்.

படிவத்தோடு நர்ஸ் வந்தாள். கண்டக்டர் மருமகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஒன்பதாவது கேள்விக்கு, "முடியாது" என்றார். பிறகு, "எழுதிக்கிட்டியா? ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் தலைவர் அம்மா எழுந்து நின்று, ஊர்ப் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு பதினாலாக உயர்ந்திருக்கும் நல்ல செய்தியைச் சொன்னார். கைதட்டினார்கள். ஊர்ப் பிரதிநிதி அடக்கத்தோடு புன்னகைத்தார். பிறகு மருத்துவ ஒருங்கிணைப்பாளர் இன்னொரு தாளை எடுத்தார். ஜோடி சேரும் முன் இரு தரப்பையும் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பது விதி. முகாம் பக்கத்துப் பதினாலு, இந்த வாரம் பதினேழு.

தையல்காரன் கையை உயர்த்தினான்.

"அதிகமாயிடுச்சுன்னா இன்னும் அவசரம்னுதானேங்க அர்த்தம்?"

"அவசரம் வேற, சமநிலை வேற" என்றார் நேர்மை ஆலோசகர். இந்த முறை தலைநகரிலிருந்தே திரையில் பேசினார். அவர் பின்னால் ஒரு பூச்செடி தெரிந்தது. "பதினேழை ஏத்திட்டுப் போனா, பதினாலுல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? இன்னும் முத்தினாத்தான் கவனிப்பாங்கன்னு நினைப்பாங்க. நோயை நாம ஊக்குவிக்கக் கூடாது."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"நோயாளி முன்னேற்றம் காட்டணும். மூணு மார்க் குறைஞ்சா போதும்" என்றார் தலைவர் அம்மா, பரிவோடு. "பத்தாவது கேள்வி இருக்கு பாருங்க. உதவி இல்லாம பத்து அடி நடந்தா மூணு குறையும். நர்ஸை அனுப்பறேன். ஆனா வீடியோ எடுத்தாகணும். ஒரே வாரத்துல ரெண்டு பக்கமும் மார்க் மாறுதுன்னு ஆலோசகருக்குச் சந்தேகம்."

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று முழுக்க அவன் ஒரு கிழியாத சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே விஷயத்தைப் பிடுங்கினாள்.

"பத்து அடிதானே? இந்தக் கொட்டகையே எட்டு அடி. ரெண்டு அடி வெளிய வரணும், அவ்வளவுதான். அந்த நீலப் புடவையை எடு."

"வேண்டாம் அக்கா. டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"டேய், டாக்டர் சொன்னதைக் கேட்டா ஆபீஸ் விடாது. ஆபீஸ் சொன்னதைக் கேட்டா டாக்டர்கிட்டப் போகலாம். தலையைப் பின்னு. நல்லா இறுக்கி."

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் கையடக்கத் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தையல்காரன் படத்தில் விழக் கூடாது. விழுந்தால் உதவி என்று ஆகிவிடும். அவன் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து அக்காவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வீங்கி, பளபளத்து, யாருடையவோ போலிருந்தன. ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நெடுநேரம். ஏழில் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வது போல நின்றாள். மூச்சு வாங்கத்தான் நின்றாள். எட்டு. வெயில். ஒன்பது. பத்து.

பத்தோடு நிற்கவில்லை. பதினொன்றும் வைத்தாள். பிறகு நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது.

"எத்தனை மார்க்?"

"பதினாலு, அக்கா."

"பாஸா?"

நர்ஸ் திரையை அணைத்தாள். "பாஸ்" என்றாள். அக்காவின் கையில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டினாள். அதில் அக்காவின் பெயர், பெண், ஐம்பத்தெட்டு, முகாம், பதினாலு என்று அச்சிட்டிருந்தது. அன்று மாலையே தலைவர் அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி.

அக்கா சனிக்கிழமை மத்தியானம் செத்துப்போனாள். டிரம்மில் சாய்ந்து, அவனுடைய தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரம் கோணுது பாரு" என்றாள். அவன் துணியைத் திருப்பிப் பார்த்தான். கோணவில்லை. அதைச் சொல்ல நிமிர்ந்தபோது அவள் இல்லை.

இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்தது. குளிப்பாட்ட வந்த பெண்கள் கைப்பட்டையைக் கத்தரித்து அவனிடம் கொடுத்தார்கள். மறுநாள் அவன் நர்ஸின் அறைக்குப் போய் அங்கிருந்த தொலைபேசியில் தலைவர் அம்மாவைக் கூப்பிட்டான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி" என்றார். "எல்லாம் கூடி வந்த நேரத்துல."

"அந்தக் கண்டக்டரை மட்டுமாவது நாளைக்கு அனுப்பிடுங்கம்மா."

"தனியாவா? ஊர் ஆளை மட்டும் ஏத்திட்டுப் போனா முகாம் ஆளுங்க கல்லெறிய மாட்டாங்களா?"

"நானும் முகாம் ஆளுதாங்க. செத்தது என் அக்கா. நான் எறிய மாட்டேன்."

"நீங்க பிரதிநிதி இல்லையே தம்பி" என்றார் தலைவர் அம்மா. சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "அவரைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. வேற ஒரு பதினாலு வராமலா போகும்?"

நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் பட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதை யார்கிட்டத் திருப்பிக் குடுக்கணும்?"

"வியாழக்கிழமை கூட்டத்துலதான் வாங்குவாங்க. சாவையெல்லாம் கூட்டத்துலதான் பதிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் பட்டியல்ல..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அதுவரைக்கும் பட்டியல்ல அக்கா உயிரோடதான் இருக்காங்க. வண்டியையும் யாரும் நிறுத்த மாட்டாங்க. ஓட்டுநர் ஏழு மணிக்கு வருவார், ஒரு படுக்கை காலியா இருந்தா திரும்பிப் போயிடுவார்."

தையல்காரன் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நர்ஸுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா? இன்னொருத்தர் பேர்ல வாசலைத் தாண்டினா முகாம் அட்டையைப் பிடுங்கிடுவாங்க. திரும்பி வந்தா உள்ள விட மாட்டாங்க. அந்த ஆளு உனக்கு யாரு?"

"ஜோடி" என்றான்.

வீட்டுக்கு வந்து, வெட்டுப்பட்ட பிளாஸ்டிக்கின் இரண்டு முனைகளையும் சேர்த்து நரம்பு நூலால் தைத்தான். சின்னத் தையல், உள்பக்கமாக. இடது கைக்குப் பட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பிறகு மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, தலையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பக்கத்துக் கொட்டகைப் பெண்ணிடம் கொடுத்தான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வண்டி முகாம் வாசலில் நின்றது. கண்டக்டரை மருமகள் முதலிலேயே ஏற்றிவிட்டிருந்தாள். ஆக்சிஜன் குழாய் மூக்கில் இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தையல்காரன் அக்காவின் போர்வையைத் தோளில் போர்த்திக்கொண்டு பின்பக்கமாக வந்தான். ஓட்டுநர் பட்டியலைக் கையில் வைத்திருந்தார். பதினாலு மாதத்துக்குப் பிறகு வருகிற முதல் பயணம் என்பதால் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

"கையைக் காட்டு."

காட்டினான். ஓட்டுநர் பட்டையைப் படித்தார். பெண், ஐம்பத்தெட்டு. தலையைத் தூக்கி அவனுடைய மீசையைப் பார்த்தார். மறுபடியும் பட்டையைப் பார்த்தார். தையல் போட்ட இடத்தை ஒருமுறை கட்டைவிரலால் தடவினார்.

"பேர் பட்டியல்ல இருக்கு. பட்டை கையில இருக்கு. முகத்தைப் பார்க்கணும்னு எந்த விதியிலயும் இல்ல" என்றார். "படுங்கம்மா."

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தான். இரண்டு படுக்கை, இரண்டு தலை. சரி என்று கையசைத்தான்.

கண்டக்டர் கண்ணைத் திறந்து பக்கத்துப் படுக்கையைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நர்ஸ் மருமகளிடமும் மருமகள் அவரிடமும் சொல்லியிருப்பார்கள்.

"அந்தக் கம்பிப் பக்கமா நகர்ந்து படு" என்றார். "வளைவு நிறைய இருக்கு. அந்தப் பக்கம் ஆட்டம் தெரியாது."

தையல்காரன் நகர்ந்து படுத்தான். படுக்கை மெத்தென்று இருந்தது. தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களுக்கு வசதியாக. அக்கா இதில் தூங்கியிருப்பாள்.

வெளியே ஓட்டுநர் கதவின் இரு பக்கத்தையும் சேர்த்துச் சாத்தினார். கொக்கி விழுந்தது. சாவி திரும்பியது.